யாருடைய மடி

எனக்குப் பொறாமை பிடித்தது முதலில் அந்தக் கட்டடத்தின் மேல்தான்.

லார்னகா என்ற தீவு நகரத்தின் கடற்கரையிலிருந்து பத்து நிமிட நடை. மூன்று மாடி. சாட்சிகள் உட்காரும் அறைகளில் வெயில் படாத திரை, மேசைக்கு மேசை தண்ணீர்ப் போத்தல், கண் துடைக்கக் காகிதம். அழுது முடித்தவர்கள் போய் நிற்பதற்கென்றே கடலைப் பார்த்தபடி ஒரு மாடம். இஸ்ரேலியர்களுக்கும் பாலஸ்தீனர்களுக்கும் இடையில் யார் சுட்டது, யார் செத்தது, எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறிக்க ஏழு நாடுகள் சேர்ந்து வைத்த குழு. வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த மாடத்தில் நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஆட்கள் செத்தபோது இப்படி ஒரு கதிரை போட்டு, தண்ணீர் வைத்து, ஆறுதலாகச் சொல்லுங்கள் என்று யார் கேட்டார்கள்?

என் தம்பி தயாளன் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பதுங்கு குழி வாசலில் செத்தான். அவனைப் பற்றிக் கேட்க ஒருவரும் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன். அவனை மடியில் வைத்திருந்தது அக்கா. அக்கா இப்போது கனடாவில் இருக்கிறாள். சனிக்கிழமைதோறும் போன் எடுப்பாள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போல் இருந்தால், அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று சொல்லி வைத்துவிடுவேன். இருபத்தைந்து வருடமாக அக்காமேல் எனக்கு ஒரு கோபம். அதன் உண்மையான பெயர் என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

என் வேலை தொப்பி. அந்தக் கருவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, ஆனால் தலையில் மாட்டுவதால் எல்லோருக்கும் அது தொப்பிதான். அரபு மொழிபெயர்ப்பாளர் நுஹ்மான் நானா வந்த முதல் நாள், கதவோரம் நின்று அதை ஒரு மாதிரிப் பார்த்தார். காத்தான்குடிக்காரர், மதீனாவில் படித்தவர்; அவர்கள் ஊரில் அண்ணனுக்கு நானா என்று பெயர். அந்தக் கட்டடத்தில் என்னோடு தமிழ் பேச இருந்த ஒரே ஆள்.

“இது என்னத்தப் புள்ள செய்யிற?”

“ஒராள் கண்டதை அப்பிடியே எடுக்கும் நானா. கண்டது, கேட்டது, கையில பட்டது, மணத்தது, எல்லாம். சொல்லவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம்.”

“எடுத்தா?”

“எடுத்தா எடுத்ததுதான். அந்த ஆளிட்ட அது பிறகு இராது.”

“ஒரு கொப்பி போட்டுட்டு அவருட்டயே திருப்பிக் குடுக்கேலாதா?”

“ஏலாது. படம் பிடிக்கிற மாதிரி இல்லை, பல்லுப் பிடுங்குற மாதிரி. குடுத்தனான் எண்டு தெரியும். என்னத்தைக் குடுத்தனான் எண்டு தெரியாது.”

“பிறகு அது ஆருட்ட இரிக்கும்?”

“என்னட்ட. எடுத்ததை ஒராள் முழுசா ஒருக்கா வாழ்ந்து பாத்து, இது உண்மையா நடந்ததுதான் எண்டு கையெழுத்து வைக்கோணும். மூண்டாம் நாள் எனக்கும் துடைச்சு விடுவினம். விடாட்டி மற்ற ஆக்களிட சாவும் எங்கட சாவும் ஒண்டோடொண்டு கலந்து போயிடும்.”

“கலந்தா என்ன, எல்லாம் ஒரு மண்தானே,” என்றார் நானா. அவர் எதையும் இப்படி ஒரு சொல்லில் தட்டிவிட்டுப் போகிற ஆள். ஆனால் அன்று தேநீர் குடிக்கும்போது தன் தொழுகைத் தொப்பியைத் தலையில் நன்றாக அழுத்திக்கொண்டு, “நமக்கு இது போதும் புள்ள,” என்று சிரித்தார்.

இந்தக் கருவியை ஏன் இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டன என்றால், மிச்சம் எதையும் அவர்கள் நம்புவதாக இல்லை. படம் காட்டினால் வெட்டி ஒட்டியது என்பார்கள், ஆள் வந்து சொன்னால் சொல்லிக்கொடுத்தது என்பார்கள். தொப்பியை ஏமாற்ற மட்டும் இன்னும் ஒருவரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

ஐன் தூத் என்பது ஒரு ஊற்று. மேலே மலையில் இஸ்ரேலியர்களின் குடியிருப்பு, கீழே பாலஸ்தீனர்களின் கிராமம், நடுவில் தண்ணீர். மார்ச் மாதம் ஒரு காலை அங்கே கிராமத்துப் பையன் யஸன் குண்டு பட்டுச் செத்தான். பதினேழு வயது. அவன்தான் முதலில் சுட்டான் என்று மலை சொன்னது. ராணுவம் இறங்கி வந்து வேண்டுமென்றே சுட்டது என்று கிராமம் சொன்னது. அதற்குப் பழி, பழிக்குப் பழி என்று நான்கு மாதத்தில் இன்னும் பதினொரு பேர். கீழே ஏழு, மேலே நான்கு; மேலே செத்தவர்களில் ஒன்று ஆறு வயதுப் பெண்குழந்தை. கடைசியில் களைத்துப்போய் இரண்டு பக்கமும் எங்களிடம் வந்தன. முதல் குண்டு யாருடையது என்று சொல்லுங்கள், அந்த ஆள் கூண்டில் ஏறட்டும், மற்றவர்கள் துப்பாக்கியை வைக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அதுவரை சுடாமல் இருக்கக் கொடுத்த தவணை ஞாயிறு காலையோடு முடிகிறது.

குண்டு பட்டதைக் கண்ணால் கண்ட சாட்சி ஒருத்திதான். ஒஸ்னாத், மலைக் குடியிருப்பைச் சேர்ந்த ஆஸ்பத்திரித் தாதி, ஐம்பத்து நான்கு வயது. காட்டுத் துளசி மாதிரி ஒரு இலை அங்கே வளரும், தேநீருக்குப் போடுவார்கள். அதைப் பறிக்க ஊற்றடிக்கு வந்தவள். பையன் அவள் மடியில்தான் போனான். சாட்சி சொல்ல ஒத்துக்கொண்ட நாளிலிருந்து மலையில் அவளோடு யாரும் பேசுவதில்லை. வீட்டுக் கதவில் துரோகி என்று எழுதி வைத்திருந்தார்களாம்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பையனின் தாய் ரிஹாப் வந்து உட்கார்ந்து, ஒரே வார்த்தையில் அதைக் கவிழ்த்தாள்.

அவள் பேசினால் எனக்கு நுஹ்மான் நானாவின் காத்தான்குடித் தமிழில்தான் கேட்கும்; அதில் சொல்வது ‘செல்வது’ ஆகும், இருந்தேன் வெறும் ‘இருந்த’ ஆகும். அவர், அவள் சொன்னாள் இவள் சொன்னாள் என்று இழுக்காமல், அவளாகவே மாறிப் பேசுவார். அது அவருடைய வழக்கம்.

“அந்தப் பொம்புள பொய் செல்லுறா. நான்தான் அங்க இருந்த. என்ட மகன்ட தல என்ட மடியிலதான் கிடந்த.”

அவள் அங்கே இல்லை. அது எனக்குத் தெரியும், குழுவில் எல்லோருக்கும் தெரியும். அன்று காலை கீழ்ப் பாதை அடைத்திருந்தது. அவள் வீட்டில் மாப் பிசைந்துகொண்டிருந்தாள். மையித்தாக வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மகனின் உடலைப் பார்த்தாள். ஆனால் விதி இருக்கிறதே. ஒரே நிமிடத்துக்கு இரண்டு பேர் உரிமை கோரினால் இரண்டு பேரிடமும் எடுத்து ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் தள்ளிவிட வேண்டும். பொய்ச் சாட்சிக்குப் பயந்து இரு தரப்பும் சேர்ந்து வைத்த விதி அது, அதை மாற்ற இரு தரப்பும் திரும்பக் கூட வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்குள் நேரம் இல்லை.

“அம்மா, நீங்கள் இதிலை நிண்டா அந்தத் தாதியிட சாட்சியும் விழுந்திடும். உங்கட மகன் கையில ஆயுதம் இல்லை எண்டு சொல்லக்கூடிய ஆள் அவ ஒராள்தான்,” என்றேன்.

“தெரியும்.”

“ஞாயிற்றுக்கிழமையோட தவணை முடியுது.”

“அதுவும் தெரியும். என்ட மூத்தவன் மஜ்த் துவக்க தலமாட்டுல வெச்சித்தான் படுக்கிற. ஞாயிறு வரைக்கும்தான் பொறுப்பன் உம்மா எண்டு செல்லிட்டான். தெரியாம இல்ல.”

தெரிந்தும் அவள் அசையவில்லை. ஒரு மகன் போய்விட்டான், அடுத்தவனும் துப்பாக்கியோடு போகப் பார்க்கிறான். அப்படியும் அந்த மடியை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. குழுத் தலைவர் இரண்டு தடவை வந்து நல்ல ஆங்கிலத்தில் நியாயம் சொல்லிப் பார்த்தார். சமாதானம் என்றார், எதிர்காலம் என்றார். அவள் அவருடைய கழுத்துப் பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு நான் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு எனக்கு மட்டும் சொல்லுங்கோ.”

அவள் போத்தலின் மூடியைத் திருகித் திறந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மூன்று நாள் துக்க வீடு. சீனி போடாத கசப்புக் கோப்பி கிண்ணம் கிண்ணமாகப் போகிறது. ஊர்ப் பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி கேட்கிறாள்: கடைசியில் யார் பக்கத்தில் இருந்தது? வெடிச் சத்தம் கேட்டு வந்து சற்றுத் தள்ளி நின்ற ஆட்டுக்காரன் மூலம் கதை ஏற்கெனவே ஊருக்குள் வந்திருந்தது. பையன் அந்த மலைக்காரியின் முகத்தைப் பார்த்து, தாயைக் கூப்பிடுவதுபோல் யும்மா என்று கூப்பிட்டானாம். அவளும் ஓம் என்றாளாம்.

“அத்தன பொம்புளயளும் என்ட வாயப் பாத்துட்டு இரிக்காங்க. நான் என்ன செல்ல? பெத்தவ வீட்டுல மாப் பிசைஞ்ச, அவனச் சுட்ட ஊர்க்காரி அவனுக்கு உம்மாவா இருந்த எண்டு செல்லவா? நான்தான் இருந்த எண்டு செல்லிட்டன். பிறகு வந்தவங்களுக்கும் செல்லின. நூறு தரம் செல்லின. இப்ப கண்ண மூடினா அந்தத் தண்ணி, அந்தக் கல்லு, எல்லாம் எனக்குத் தெரியுது. அவனுக்குப் பதினேழு வருசம் சோறு ஆக்கின நான். அந்த ஒரு யும்மா மட்டும் அவளுக்கு எதுக்கு?”

நுஹ்மான் நானாவின் குரல் கடைசிச் சொல்லில் உடைந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு அப்படி ஆகக்கூடாது. எனக்கோ அழுகை வரவில்லை. எனக்கு அவளை அடிமுதல் நுனிவரை தெரிந்திருந்தது. அக்காவின் போனை வைத்துவிட்டு நான் எத்தனை சனிக்கிழமை சுவரைப் பார்த்து நின்றிருக்கிறேன். இப்படிப்பட்ட வயிற்றெரிச்சலுக்கு நியாயம் ஏறாது. அதற்கு வேறு தீனி போட வேண்டும்.

“அம்மா, ஒண்டு சொல்லட்டே. நீங்கள் தொப்பி போட்டா, உங்களிட்ட இருக்கிறதும் போயிடும். அந்தத் தண்ணி, அந்தக் கல்லு, எல்லாம்.”

அவள் நிமிர்ந்தாள்.

“நீங்கள் விலகினா அவ மட்டும் போடுவா. அவவிட்ட இருந்து எடுத்திடுவம்.” அடுத்ததை வேண்டுமென்றே சொன்னேன். “அவவுக்கு ஒண்டும் மிஞ்சாது. உங்கட மகன்ர முகமும் இராது, யும்மா எண்டு கூப்பிட்டதும் இராது.”

நானா உடனே மொழிபெயர்க்கவில்லை. “இத நான் செல்லோணுமா புள்ள?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“உண்மைதானே நானா. அவ கையெழுத்து வைச்ச பதினாலு பக்கப் படிவத்திலயும் இருக்கு.”

சொன்னார். ரிஹாப் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வந்ததை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை, ஆனால் உள்ளிருந்து நன்றாகப் பழக்கம். திரும்பக் கேட்டாள்.

“ஒண்டுமே தெரியாதா அவளுக்கு?”

“ஒண்டுமே தெரியாது.”

“பேனயத் தாங்க.”

சமாதானத்துக்காகப் போட்ட கையெழுத்து இல்லை அது. மஜ்துக்காகவும் இல்லை. எனக்கும் அவளுக்கும் அது தெரியும், நானாவுக்கும் தெரியும். வெளியே நின்ற குழுத் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சனிக்கிழமை காலை ஒஸ்னாத் வந்தாள். குட்டையான பெண், கட்டை விரல் நகத்தில் இலைக் கறை. தொப்பியைக் கையில் எடுத்தபோது, “இதற்கு முன் அந்தத் தாயை ஒரு தடவை பார்க்க முடியுமா? அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது,” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அறிக்கை வெளிவரும் வரை சாட்சிகள் சந்திக்கக்கூடாது என்பது விதி. முடியாது என்றேன். அவள் சரி என்று தலையைக் குனிந்து கொடுத்தாள். இருபது நிமிடத்தில் முடிந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “தொடங்கிவிட்டீர்களா?” என்றாள்.

பிறகு தொப்பியை நான் மாட்டிக்கொண்டு, அவளிடம் எடுத்ததற்குள் போனேன்.

காலை வெயில். விரலில் இலையின் மணம். பாதையில் ஒரு பையன் நீலக் கேனைத் தோளில் வைத்து வருகிறான், என்னைக் கண்டதும் சற்றுத் தயங்கி, பிறகு தண்ணீர்தான் என்பதுபோல் கேனைத் தட்டிக் காட்டுகிறான். மலைமேல் காவல் கூட்டிலிருந்து ஒரு வெடி. அங்கே நிற்பவனை எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரன், பயந்த சுபாவம், பையனின் தோளில் இருப்பதை என்னவென்று நினைத்தானோ. ராணுவம் இல்லை. பையனிடம் கேனைத் தவிர ஒன்றும் இல்லை. நான் ஓடுகிறேன். கழுத்துத் துணியை உருவிக் காயத்தில் அழுத்துகிறேன். அவன் தலை என் மடியில். கேன் சாய்ந்து தண்ணீர் போகிறது, அவன் கை அதை நிமிர்த்தத் தேடுகிறது. யும்மா, என்கிறான். இங்கதான் இருக்கிறேன், என்று எனக்குத் தெரிந்த அரபில் சொல்கிறேன். யும்மா, தண்ணி போகுது. பரவாயில்லை, நான் திரும்ப அள்ளிக்கொள்கிறேன். இரண்டு கையும் காயத்தில் இருக்கிறது. எடுத்தால் இரத்தம் வரும். அவன் முகத்தைத் தொடக்கூட எனக்குக் கை இல்லை, குனிந்து ஒரு முத்தம் கொடுக்கவும் முடியவில்லை. நான்கு நிமிடம்.

வெளியே வந்து கையெழுத்துப் போட்டேன். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் எனக்கும் ஒருவன் கிடைத்துவிட்டான். என்னையும் ஒருவன் கூப்பிட்டுவிட்டான்.

மூன்று மணிக்கு அறிக்கை வாசித்தார்கள். இரண்டு பக்கத்தாரும் தாங்கள் சொன்னது முழுக்கச் சரியில்லை என்பதைக் கேட்டுக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, கையெழுத்து வைத்தார்கள். காவல்காரனை அன்றே பிடித்தார்கள். மலைமேல் கூடு கழற்றப்படும் என்றார்கள். ரிஹாப் மூலையில் நின்று மஜ்துக்குப் போன் போட்டாள். பேசி முடித்ததும், “துவக்கத் தலமாட்டுலருந்து எடுத்துக் குடுத்திட்டானாம்,” என்று நானா சொன்னார். அடுத்த வாரமும் அவள் வீட்டில் ஒரு மகன் இருப்பான். அந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து அதைவிடப் பெரிய காரியம் எதுவும் அங்கே நடக்கவில்லை.

அறிக்கை வந்துவிட்டதால் சந்திக்கக்கூடாது என்ற விதியும் முடிந்தது. ரிஹாப் காற்றுக்காக மாடத்துக்கு வந்தாள். அங்கே ஒஸ்னாத் அறிக்கையின் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நானும் நானாவும் கதவருகில் இருந்தோம். ஒஸ்னாத் ஆஸ்பத்திரியில் பேசிப் பழகிய அரபில் தொடங்கினாள். நானா என் காதருகில் மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“நீங்கதான் அந்தப் பையன்ட உம்மா எண்டு செல்றாங்க. அவன் எனக்கிட்டத்தான் மௌத்தான எண்டு இதுல எழுதியிரிக்கி. நான் மூணு தரம் வாசிச்ச. எனக்கு ஒண்டுமே வருகுதில்ல. மன்னிச்சிக்கங்க. உங்களுக்கிட்ட ஏதோ செல்லோணும் எண்டு வெச்சிருந்த, அதுவும் இல்ல.” பிரதியை மடித்துக்கொண்டு, “அவனுக்கு வலிச்சதா? உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

ரிஹாப் இதைத்தான் கேட்டு வாங்கினாள். இப்போது ஆசை தீரப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் நினைத்தேன். ஆனால் அவள் முகத்தில் இருந்தது கிலி. திரும்பி எங்களைப் பார்த்தாள்.

“அப்ப அவனோட ஒருத்தருமே இல்லயா? அவன் தனியாவா கிடந்த?”

நானா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். தனியாக இல்லை அம்மா, என்னிடம் இருக்கிறான், திங்கள் வரை இருப்பான், கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பார்த்ததை வெளியில் சொல்லக்கூடாது என்று எங்களுக்குச் சட்டம் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் அன்று நான் சொல்லியிருக்க மாட்டேன். கிடைத்து ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் பங்கு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ரிஹாப் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பினாள். ஒஸ்னாத்தின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, மாடத்துக் கதிரையில் உட்கார வைத்தாள். தானும் நெருங்கி உட்கார்ந்தாள்.

“நான் அங்க இல்ல,” என்றாள். “நான் வீட்டுல மாப் பிசைஞ்ச. நீங்கதான் இருந்த. கேளுங்க, செல்றன்.”

சொன்னாள். ஆட்டுக்காரன் சொன்னது, துக்க வீட்டில் பெண்கள் சேர்த்தது, நூறு தடவை தானே சொன்னது, எல்லாவற்றையும் எடுத்து அந்தப் பெண்ணுக்குச் சொன்னாள். தன் பெயர் வந்த இடத்திலெல்லாம் அவளை வைத்தாள். வெள்ளைக் கேன் என்றாள். பையன் சிரித்தான் என்றாள். வலி இல்லை என்றாள். அவன் யும்மா என்று கூப்பிட்டதைச் சொல்லும்போது மட்டும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனாலும் விடாமல், “உங்களத்தான் கூப்பிட்ட, உங்கட முகத்தப் பாத்துத்தான் கூப்பிட்ட,” என்றாள். “நீங்க அவன்ட நெத்தியத் தடவிவிட்ட. பிறகு குனிஞ்சி முத்தம் குடுத்த. அதுக்குப் பிறகுதான் அவன் கண்ண மூடின.”

ஒஸ்னாத் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கை தன்னால் மடியைத் தடவியது. “ஓம்,” என்றாள், “முத்தம் குடுத்த,” என்று அழத் தொடங்கினாள். ரிஹாப் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாள்.

நானா கண்ணைத் துடைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“முத்தம் குடுத்தாவா புள்ள?”

“ஓம் நானா,” என்றேன். “குடுத்தவ.”